தம்பி மாட்டிய மீட்டர்

முதலில் வம்பை ஆரம்பித்தது தம்பிதான். அண்ணனின் பழைய கார் கடை நிறைய ஆள் இருக்கும்போதே, "எங்கண்ணன் கம்மியா ஓடின மாதிரி மீட்டரைத் திருப்பி வெச்சு வண்டி விக்கிறார்" என்று வாய்கூசாமல் சொன்னான். சொன்ன கையோடு பிரிந்துபோய் அடுத்த தெருவிலேயே தனிக்கடையும் போட்டான்.

அண்ணன் திருப்பவில்லை. விற்கக் கொண்டுவந்தவனே திருப்பியிருந்தான். அது பிற்பாடு தம்பிக்கும் தெரிந்தது. ஆனாலும், 'தப்பாச் சொல்லிட்டேண்ணே' என்று அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அன்றிலிருந்து அண்ணனுக்கு அவன் ஆகாது. எதிரில் வந்தால் தெருவையே மாற்றிக்கொள்வார். போன் அடித்தால் எடுக்கமாட்டார்.

இப்போது அந்தத் தம்பி கையும் களவுமாகச் சிக்கிவிட்டான்.

அண்ணனின் மகன் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தான். உட்கார ரெண்டே ரெண்டு சீட்டு, சத்தம் மட்டும் லாரி அளவுக்குப் போடும். அதன் மீட்டர் போர்டு செத்துப்போனது. "அந்தத் தகரத்துல நான் கை வைக்கமாட்டேன்" என்று அப்பா முறைத்ததால், மகன் சித்தப்பாவிடம் போய் வேலையை முடித்துக்கொண்டான்.

ஒருநாள் வேறு வழியில்லாமல் அண்ணன் அந்த வண்டியில் ஏறினார். முள் நூறில் நின்றது. எஞ்சின் சத்தமோ எண்பது என்றது. அவர் காது இதுவரை அவரை ஏமாற்றியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் கழற்றிப் பார்த்தார். அதே கம்பெனி, அதே அளவு. ஸ்க்ரூ ஓட்டைகூட மாறவில்லை. ஆனால் அடுத்த மாடல் வண்டியின் மீட்டர். சக்கரம் சுற்றுவதை எண்ணுகிற கணக்கு அதில் வேறு. எந்த வேகத்தில் போனாலும் கூட்டித்தான் காட்டும்.

மகனிடம் விவரம் எதுவும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய இடம் வேறு. "இது சேராத மீட்டர்டா" என்றதோடு நிறுத்திக்கொண்டார். பழைய சாமான் கடையில் தேடிப்பிடித்துச் சரியான மீட்டரை வாங்கி மாட்டி, அவனை அனுப்பிவைத்தார். கழற்றியதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தம்பி கடைக்கு நடந்தார். அன்றைக்குப் போலவே கடை நிறைய ஆள் இருக்கவேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டார்.

ஒரே ஒருத்தர்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பரவாயில்லை.

"சார், இந்தக் கடைக்காரரை ஒரு கேள்வி கேளுங்க. நான் மீட்டரைத் திருப்பினேன்னு ஊரெல்லாம் சொன்ன உத்தமர், என் மகன் வண்டியில பொய் சொல்ற மீட்டரை மாட்டியிருக்கார். தொழில் தெரியலையா, இல்ல நேர்மை இல்லையா?"

பேப்பர்க்காரர் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

தம்பி அந்த மீட்டரைப் பார்த்தான். முகம் வெளுத்தது. அண்ணனுக்கு உள்ளே இனித்தது.

"அண்ணே, வண்டி எங்கே?"

"பேச்சை மாத்தறார் பாருங்க சார்."

"அண்ணே! வண்டி எங்கேன்னு கேக்கறேன்!"

"சரியான மீட்டரைப் போட்டு அனுப்பிட்டேன். பொண்டாட்டியைக் கூட்டிட்டு வரப் போயிருக்கான்."

"ஆத்துப்பாலம் வழியாவா?"

"பின்னே, பறந்தா போவான்?"

தம்பி வெளியே பார்த்தான். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அலமாரியைத் திறந்து இன்னொரு மீட்டரை எடுத்து பேட்டரியில் ஒயரைக் கொடுத்தான். விளக்கெல்லாம் பளிச்சென்று எரிந்தது.

"இதுதான் அவன் வண்டியோட சொந்த மீட்டர். அன்னைக்கே சரி பண்ணிட்டேன்."

"அப்புறம் ஏன்டா அதை மாட்டினே?" சாரை மறந்து அண்ணன் நேரடியாகவே கேட்டுவிட்டார்.

"பாலத்து வளைவை எண்பதுல எடுக்கறேன் சித்தப்பான்னு பெருமை அடிச்சான். முள்ளைப் பாத்துத்தான் மிதிக்கறான். எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், கேக்கலை. அவன் காலை என்னால மாத்த முடியலை, முள்ளை மாத்திட்டேன். எண்பதுன்னு நெனச்சுக்கிட்டு அறுபத்தஞ்சுல போயிட்டிருந்தான்."

அண்ணன் சட்டைப்பையில் போனைத் தேடினார்.

"எங்கிட்ட சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"நீங்க போனை எடுத்தாத்தானே?"

அண்ணன் மகனை அழைத்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. தம்பி தன் போனிலிருந்து அழைத்தான். அதுவும் ஓய்ந்தது. பேப்பர்க்காரர் பேப்பரை மடித்துவிட்டு எழுந்து நின்றார். மூன்று பேரும் வாசலில் நனைந்துகொண்டே தெருமுனையைப் பார்த்தார்கள்.

லாரி போனது. ஒரு ஆட்டோ போனது.

"வருது" என்றார் அண்ணன். தம்பிக்கு இன்னும் எதுவும் கேட்கவில்லை. பிறகுதான் அந்தப் பாழாய்ப்போன சத்தம் தெருவுக்குள் நுழைந்தது.

இருவரையும் சேர்த்துப் பார்த்த அதிர்ச்சியில் மகன் பிரேக் அடித்தான். பக்கத்து சீட்டில் மருமகள் கதவுக் கைப்பிடியை இன்னும் விடாமல் பிடித்திருந்தாள்.

"என்ன மீட்டர்ப்பா மாட்டினீங்க? பாலத்துல எப்பவும் போற எண்பதுதான். வண்டியோட பின்பக்கம் வழுக்கி இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. சுவத்துக்கும் எங்களுக்கும் நடுவுல ஒரு சாண்தான் மிச்சம்!"

தம்பி வாயைத் திறக்கப் போனான். அண்ணன் முந்திக்கொண்டார்.

"நான் மாட்டினதுதான்டா கோளாறு. கொறச்சுக் காட்டுது. எனக்குத் தொழில் மறந்துபோச்சு. சித்தப்பா போட்டதுதான் சரியான மீட்டர்."

கடையில் ஆள் இருக்கும்போதே, வாய்கூசாமல் சொன்னார்.

தம்பி ஸ்க்ரூடிரைவரோடு வண்டிக்குள் குனிந்தான். அண்ணனும் அவன் காதருகே குனிந்தார்.

"இது வேற விஷயம். அன்னைக்கு என்னைச் சொன்னியே, அதுக்கு நீ இன்னும் ஒரு வார்த்தை சொல்லலை. ஞாபகம் இருக்கட்டும்."

"அந்தச் சின்ன ஸ்க்ரூவை எடுங்கண்ணே" என்றான் தம்பி.

எடுத்துக் கொடுத்தார். அந்த வார்த்தை மட்டும் இன்னும் வரவில்லை.