தூரத்தில் ஒரு கூடு

செண்பகம் மத்தி மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தாள். சுவரில் வந்து உட்கார்ந்த கொக்குக்கு மீன் குடலை எடுத்து வீசினாள்.

"உன் குஞ்சுக்கும் கொண்டு போ."

கொக்கு அதைத் தொடவில்லை. "நேத்துலருந்து அது வாயே திறக்கலக்கா. வயித்துல பிளாஸ்டிக் கவரு அடைச்சிருக்கு."

"அய்யோ! எந்தப் பாவி போட்டா?"

"நீங்கல்லாந்தான்."

"நான் யார் வாசல்லயும் போட்டதில்லம்மா. கட்டி, தூரத்தான் போடுவேன்."

"தூரம்னா எங்கக்கா?"

"தூரம்னா... தூரந்தான்."

"குப்பை வண்டிக்காரரும் தூரக் கொண்டு போறேன்னுதான் சொன்னாரு. கொட்டினது எங்க ஏரியில. நீங்க தூரம்னு சொல்ற எடத்துலதான் என் கூடு இருக்கு. கடல் தாண்டி வர்ற வாத்துகளக் கேட்டேன். அதுங்களும் அங்க யாருக்கோ தூரத்துலதான் குடியிருக்காம்."

சொல்லிவிட்டுக் கொக்கு ஏரிப் பக்கம் பறந்தது. குடல் அப்படியே கிடந்தது. மீன் வாங்கி வந்த கவர் செண்பகத்தின் ஈரக் கையில் ஒட்டிக்கொண்டது. உதறினாள், போகவில்லை.

"செண்பகம்! புள்ள எந்திரிச்சு அழுவுறான்," உள்ளேயிருந்து மாமியார் கூப்பிட்டாள். "அந்தக் கவரைத் தூரப் போட்டுட்டு வா!"

"இந்தா வந்துட்டேன் அத்தை," என்று எழுந்தவள், கவரும் கையுமாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து, எங்கே போடுவதென்று தெரியாமல் நின்றாள்.