தட்டில் கரைத்த நீலம்

"யோவ் ஓனரு! நீ குளிச்ச தண்ணி என் சாம்பார்ல சொட்டுதுய்யா!"

"சொட்டட்டும்! உன் சாம்பாருக்கு சோப்பு வாசனையாவது வரும்!"

உறுவையாறு கிராமத்தில் அந்தத் தெருவே டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டது. மாடியில் வீட்டுக்காரர் நவநீதன். நாற்பதைத் தாண்டியவர், கரும்புத் தோட்டம் உண்டு, கல்யாணம் இல்லை. கீழே குடியிருப்பவள் தையல்காரி விஜயகுமாரி. வாய் உண்டு, அவளுக்கும் கல்யாணம் இல்லை.

சண்டைக்குக் காரணம் ஒரு தட்டு. ஊரே போர்செட்டில் குளிக்க, நவநீதன் மட்டும் பாத்ரூம் தரையில் வெள்ளை ஃபைபர் ஷவர் தட்டு ஒன்றைப் பதித்து, அதற்குள் இட்லி மாதிரி நின்று குளிக்கிறார். பதித்த நாளிலிருந்து கீழே சமையலறையில் ஒழுகுகிறது என்று இவள் மாடியேறுகிறாள். பிளம்பர் இருசப்பன் ஓரமெல்லாம் சிலிக்கான் பூசிப் பார்த்துவிட்டான். அவள் ஏறுவது நிற்கவில்லை.

"இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடலாம்ணா," என்றான் இருசப்பன். "தண்ணி போற ஓட்டைய அடைச்சிட்டு, தட்டு நெறைய துணிக்குப் போடற நீலம் கரைச்சு வுடறேன். கீழ நீலமா சொட்டுனா தட்டுதான் ஒழுவுது. பேத்து எறிஞ்சிடலாம்."

"சொட்டலன்னா?" நவநீதன் விஜயகுமாரியை முறைத்தார்.

"நான் வூட்டக் காலி பண்ணிட்டுப் போறேன்யா! போதுமா?" தடதடவென்று இறங்கிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் வெற்றி வீராங்கனையாகத் திரும்பி வந்தாள். கையில் கரித்துணி. அதில் நல்ல நீலத் திட்டு.

"பாத்துக்க! இப்ப இன்னா சொல்ற?"

இருசப்பன் துணியைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான், வாயைத் திறந்தான். நவநீதன் அவன் காலை மிதித்துவிட்டு, பாத்ரூம் கதவை இழுத்துச் சாத்தினார்.

"ஒழுவுதுதாங்க," என்றார். அந்த 'ங்க' அதுவரை அவர் வாயில் யாரும் கேட்டிராதது. "தப்பு என்னுதுதான். நாளைக்கே பேத்துடறேன்."

"ஐய, ஆசையா போட்டத எதுக்குப் பேக்கணும்?" அவள் குரலும் இறங்கிவிட்டது. "நான் கீழ ஒரு குண்டான் வெச்சுக்கறேன்."

தை மாதம் வில்லியனூர் கோயிலில் கல்யாணம். விஜயகுமாரி மாடிக்குக் குடிபோனாள். கீழ்வீட்டுக்குக் காட்டேரிக்குப்பத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மேலே அதே தட்டு. கீழே ஒரு சொட்டு இல்லை.

"ஒழுக்கு எப்டிடா நின்னுச்சு?" என்று எதிர்வீட்டுச் செங்கமலம் ஒருநாள் தெருவில் இருசப்பனை மடக்கினாள்.

"எங்கக்கா ஒழுவுச்சு? அந்தம்மா கீழ எறங்குனதும் நாங்க தேடுனா, மாடியில நீலமே இல்ல. சாமி மாடத்துல இருந்த குங்குமத்தத்தான் அண்ணன் எடுத்தாந்து தட்டுல கரைச்சாரு!"