கைராசிக் காந்தம்

“ராசிக்காரரே, சட்டைப்பையைத் தொட்டுப் பாத்துக்கோங்க. காந்தம் இல்லாம எப்படி ஜெயிப்பீங்க?” ஆய்வகத்துக்குள் நுழையும்போதே மனைவி சீண்டினாள்.

கணவர் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இருந்தது. குடுவைக்குள் போட்டுக் கலக்கும் சுண்டுவிரல் அளவுக் காந்தக் குச்சிதான். அதைக் கைக்குட்டையில் பொதிந்து, கட்டின மனைவிக்கும் காட்டாமல் வைத்திருந்தார். அடுத்தவர் கண் பட்டால் ராசி போய்விடுமாம்.

இருவருக்கும் ஒரே நிறுவனம், வேறு வேறு மாடி. மருந்துக்கான ஒரு திரவத்தில் ஹைட்ரஜனைப் பாதி ஏற்றி நிறுத்த வேண்டும். முழுக்க ஏறினால் சரக்கு பாழ். அதை நடத்தும் வினையூக்கியாக அவள் எடுத்தது பல்லேடியம் என்ற விலையுயர்ந்த உலோகம். அது கண்ணுக்குத் தெரியாத துளி பட்டாலே பாய்ந்து வேலை செய்யும், நிற்கத்தான் தெரியாது. இவரோ மலிவான செம்பைக் கட்டிக்கொண்டு அழுததால் செம்புக்காரர் என்றே பெயர் வாங்கியிருந்தார். வருஷக்கணக்கில் மண்ணாந்தையாக உட்கார்ந்திருந்த அந்தச் செம்பு, காந்தக் குச்சி இவர் கைக்கு வந்த நாள்முதல் திடீரென்று கச்சிதமாகப் பாதியில் நிறுத்த ஆரம்பித்தது.

ஆனால் அதே பொடியைப் பக்கத்து ஆய்வகத்தார் போட்டால் ஒன்றும் நடக்கவில்லை. “உங்க கை சரியில்ல” என்று இவர் சொல்லிவிட, இன்று அவர்கள் குடுவையில் இவரே செய்துகாட்ட வேண்டியதாயிற்று. ஜெயித்தால், பல்லேடியம் பிரிவை மூடிவிடுவதாக இயக்குநர் சொல்லிவிட்டார்.

அதுதான் அவருக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. “நான் ஜெயிச்சா உன் வேலைக்கு ஆபத்தும்மா.”

“அதுக்காகத் தோத்துடாதீங்க. வீட்ல ரெண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா யாரு சமைக்கிறது?”

பொடியைப் போட்டார், திரவத்தை ஊற்றினார். யாரும் பார்க்காதபடி திரும்பி நின்று காந்தத்தையும் நழுவவிட்டார். குடுவை சுழன்றது.

மதியம் சோதனைக் கருவியின் திரையில் முடிவு வந்தது. ஹைட்ரஜன் சரியாகப் பாதியில் நின்றிருந்தது. பக்கத்து ஆய்வகத்தார் திரையை நெருங்கி வந்து மறுபடி பார்த்தார்கள்.

இயக்குநர் கை தட்டிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். “மன்னிச்சுக்கோம்மா. இனிமே பல்லேடியம் வேண்டாம்.”

ஜெயித்தவர் மனைவியின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் கை ஓடாமல் நின்றார். அவளே குடுவையைக் காலி செய்து அலசினாள். காந்தம் அவள் உள்ளங்கையில் விழுந்தது. வெள்ளை உடம்பு, ஒரு முனையில் கறுப்புக் கறை, நடுவில் சின்ன வெட்டு. கறையைத் தேய்த்தாள், போகவில்லை.

“என்னங்க, இது உங்களுக்கு எங்கே கிடைச்சுது?”

“எங்க மாடியில கழுவுற தொட்டி ஓரமா, அநாதையாக் கிடந்துச்சு. ஏன்?”

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கிளம்பப்போன இயக்குநரின் முன்னால் காந்தத்தைத் தூக்கிக் காட்டினாள்.

“சார், இது காணாமப்போன என் காந்தம், ரெண்டு வருஷமா என் பல்லேடியத்தைக் கலக்கினது! வேலை செஞ்சது இந்தத் துளிக் கறைதான்!”