பின்சீட்டுச் சத்தம்

“நீ ஏறுனாத்தான் புள்ள, வண்டி இப்படிக் கத்துது.”

“ஏனுங்க, நான் என்ன நெல்லு மூட்டையா?”

“மூட்டை எதுத்துப் பேசாதே.”

போன மாதம் பைக்கில் சந்தைக்குப் போகும் வழியில் கணவனும் அவளும் பேசியது. அப்போது அவள் சிரித்துவைத்தாள்.

அவள் தங்கையின் வளைகாப்புப் பந்தியில் அதையே அவன் எல்லோருக்கும் சொன்னான். இலை இலையாகப் போய்.

அங்கே அவள் சிரிக்கவில்லை.

இப்போது இருவரும் பட்டறை வாசலில் நிற்கிறார்கள்.

மெக்கானிக் நாச்சிமுத்து வண்டியைத் தனியாக எடுத்துப் போனார். எதிரே இருந்த வேகத்தடையில் இரண்டு முறை ஏற்றி இறக்கினார்.

சத்தமே இல்லை.

“நான் சொன்னேன்ல,” என்றான் கணவன்.

அவள் அவனைப் பார்க்கவில்லை.

இந்த ஒரு மாதமும் அவள் பின்சீட்டில் சும்மா உட்கார்ந்து வரவில்லை.

பின்சக்கரத்தை மறைக்கும் சேலைக் கம்பியைக் குதிகாலால் அழுத்திப் பார்த்தாள். சத்தம் நிற்கவில்லை.

கால்மிதியிலிருந்து பாதத்தைத் தூக்கிப் பார்த்தாள். நிற்கவில்லை.

பின்சக்கரம் குழியில் இறங்கும். ஒரு கணம் கழித்து, இடது பக்கம், சீட்டுக்குக் கீழே, டொக்.

எப்போதும் அதே இடம்.

“இடது ஷாக் அப்சார்பருங்ணா,” என்றாள். “மேல இருக்கற ரப்பர் புஷ் தேஞ்சிருக்கோணும்.”

நாச்சிமுத்து குனிந்து அந்த இடத்தை விரலால் ஆட்டிப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவளிடம்தான் பேசினார்.

“அப்படித்தானுங்க தெரியுது. ஆரு பின்னால உக்காந்தாலும் அடிக்கும். முன்னால ஓட்டறவங்களுக்கு எங்கிருந்து வருதுன்னு புடிபடாது. எதுக்கும் ரெண்டு பேரும் ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க. கழட்டிப் பாத்தரலாம்.”

கணவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

வண்டியில் ஏறி உட்கார்ந்தான். பின்சீட்டைத் தட்டினான்.

“ஏறு புள்ள.”

கல்யாணத்துக்கு முன்பே கியர் வண்டிக்கு லைசென்ஸ் எடுத்தவள் அவள். பதினோரு வருடமாக, அவன் சாவியைத் திருகும்போதெல்லாம் ஒரு வாக்கியம் அவள் நாக்கு நுனி வரை வரும். ஏறி உட்கார்ந்ததும் உள்ளே போய்விடும்.

இன்று அவள் ஏறவில்லை.

துப்பட்டாவைக் குறுக்கே இழுத்து இடுப்பில் முடிந்தாள். சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தாள். ஹேண்டில்பாரில் ஒரு கையை வைத்தாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

நாச்சிமுத்து ஸ்பேனரைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

“நான் ஓட்டோணுமுங்க,” என்றாள். “நீங்க பின்னால உக்காந்து கேளுங்க.”