மூன்று வேளை நோய்

பரீட்சை நெருங்க நெருங்க மாமியாருக்கு நோய் கூடிக்கொண்டே போனது.

மருமகள் படிப்பது மருத்துவ உதவியாளர் படிப்பு. ஊசி போடுவது, ரத்த அழுத்தம் பார்ப்பது எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மருந்தளவுக் கணக்கில்தான் இரண்டு தடவை மண்ணைக் கவ்வியிருந்தாள். அது வாய்மொழிப் பரீட்சை. பரீட்சை எடுக்கும் மேடம் பக்கத்தில் வந்து நின்று, எத்தனை மில்லி என்று கேட்டதும் இவளுக்கு ஒன்றாம் வாய்ப்பாடே மறந்துபோகும். இந்தத் தடவையும் கோட்டை விட்டால் சான்றிதழ் கிடையாது. கிளினிக்கில் பேசி வைத்திருக்கும் வேலையும் கிடையாது.

அதனால் சாயங்காலம் ஆனதும் புத்தகத்தோடு சாப்பாட்டு மேஜையில் உட்காருவாள். உட்கார்ந்ததுதான் தாமதம், உள்ளேயிருந்து முனகல் கேட்கும்.

"தலை வெடிக்குது. எழுநூத்தி அம்பது மில்லிகிராம் போடணும். இருக்கறது ஐநூறு மில்லிகிராம் மாத்திரை. எத்தனை போடட்டும்?"

கொஞ்சம் படிக்க விடுங்களேன் அத்தை என்று கெஞ்சினால், நோயாளி என்றால் இந்த வீட்டில் எல்லாருக்கும் இளக்காரம் என்று குரல் உயரும். வேண்டியதை இருப்பதால் வகுத்து, ஒன்றரை என்று சொல்லி முடிப்பதற்குள் மருமகளுக்கே தலை வலிக்க ஆரம்பித்துவிடும். விடை வந்ததும் மாமியாருக்குச் சரியாகிவிடும்.

மறுநாள் இருமல். ஐந்து மில்லியில் நூற்று இருபத்தைந்து மில்லிகிராம் இருக்கும் மருந்து, வேண்டியது இருநூறு. மாமியார் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்க, பதற்றத்தில் புள்ளி இடம் மாறிவிட்டது.

"எண்பது மில்லி அத்தை."

"எண்பதா? இருமல் போயிடும். கூடவே நானும் போயிடுவேன். திரும்பப் போடு."

திரும்பப் போட்டதில் எட்டு வந்தது.

அடுத்தது மூட்டுவலி. கால் கிராம் மருந்துக்கு எத்தனை மில்லிகிராம் என்று குளியலறைக் கதவைத் தட்டிக் கேட்டார். அதற்கும் அடுத்த நாள், தனக்கு குளுக்கோஸ் ஏற்ற வேண்டும் என்று வந்து நின்றார். ஐநூறு மில்லி, ஐந்து மணி நேரம், மில்லிக்குப் பதினைந்து சொட்டு. அப்படியானால் நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு? திடமாக நடந்து வந்து கேட்கிறவருக்கு டிரிப் எதற்கு என்று மருமகள் மடக்கினாள். நாளைக்குப் படுத்துவிட்டால் உன்னிடம் கேட்கத் தெம்பு இருக்குமா என்று பதில் வந்தது. இருபத்தைந்து சொட்டு என்று சொல்லிவிட்டு அவள் புத்தகத்தை மூடினாள்.

மருந்துச் சீட்டில் டி.டி.எஸ். என்று எழுதியிருந்தால் நாளைக்கு மூன்று வேளை என்று அர்த்தம். கணவனிடம் அவள் அதை வைத்தேதான் பொருமினாள்.

"உங்கம்மாவோட நோய் டி.டி.எஸ்.ங்க. சாப்பாட்டுக்கு முன்னாடியும் வருது, பின்னாடியும் வருது. நான் பாஸ் பண்ணக் கூடாதுன்னே பண்றாங்க."

கணவன் இரண்டு பேரிடமும் தலையாட்டியே காலம் தள்ளியவன். அன்றைக்கு மட்டும் எங்கிருந்தோ வீரம் வந்துவிட்டது. பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் அம்மாவின் துணிமணிகளை அவனே பையில் அடுக்கினான். பரீட்சை முடியும்வரை அக்கா வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டான். மருமகள் தடுக்கவில்லை. பாவமாகத்தான் இருந்தது, அதைவிட நிம்மதியாக இருந்தது.

மாமியார் செருப்பை மாட்டினார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"லேசா காய்ச்சல் அடிக்குது."

மகன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"கிலோவுக்குப் பதினஞ்சு மில்லிகிராம். சிரப் அஞ்சு மில்லியில நூத்தி இருபது. எத்தனை மில்லி குடிக்கணும்? சீக்கிரம் சொல்லு, வண்டி நிக்குது."

மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "உங்க எடை எவ்ளோ அத்தை?"

"பன்னெண்டு கிலோ."

வாசலை அடைத்துக்கொண்டு நின்ற அம்மாவை மகன் ஏற இறங்கப் பார்த்தான்.

"என்னடா பாக்கறே? பெரியவங்க கணக்கெல்லாம் போட்டு முடிச்சாச்சு. புத்தகத்துல குழந்தைங்க பாடம் ஒண்ணுதான் பாக்கி. அந்த மேடம் பக்கத்துல வந்து நின்னா இவளுக்கு வாயே வரலைன்னு நீதானேடா சொன்னே? அதான் நான் வந்து நின்னேன்."

மருமகளுக்கு இந்தத் தடவை விடை தடுமாறாமல் வந்தது.

"ஏழரை."

"மில்லின்னும் சேத்துச் சொல்லும்மா. இல்லேன்னா நீ என்னைத்தான் சொல்றேன்னு நெனச்சுக்கப் போறாங்க."