கரி படாத வேட்டி

தங்கதுரை தன் வெள்ளை வேட்டியின் நுனியை லாரியின் புகைக்குழாய்க்குள் விட்டுத் துடைத்து, யார்டில் இருந்த எல்லோரும் பார்க்கும்படி விரித்துக் காட்டினார்.

“பொட்டுக் கரி இருக்கா பாருங்க மேடம். டீசல் வண்டியா இருந்தா இந்நேரம் வேட்டி அடுப்புத்துணி ஆயிருக்கும்.”

டிரைவர்கள் சிரித்தார்கள். முதலாளி சிரித்தால் சிரிக்கிறவர்கள்தானே. ஜெஸ்மியும் சிரித்து வைத்தாள்.

துறைமுகத்துக்குக் கண்டெய்னர் இழுக்கும் ஒப்பந்தம் இந்த முறை, எந்த எரிபொருள் பூமியைக் குறைவாகச் சூடாக்குகிறதோ அந்த வண்டிகளுக்குத்தான். டீசல், எரிவாயு, பேட்டரி மூன்றையும் அளந்து ஒப்பிட்டுச் சொல்லும் பொறுப்பு ஜெஸ்மி வேலை பார்க்கும் நிறுவனத்துக்கு.

தங்கதுரை பழைய டீசல் லாரிகளை எல்லாம் தள்ளிவிட்டு, ஆத்தூரில் இருந்த வெற்றிலைக் கொடிக்காலையும் விற்று, எரிவாயு லாரிகளாக இறக்கியிருந்தார். ஒப்பந்தம் கைவிட்டுப் போனால் மனிதர் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும்.

கரி கண்ணுக்குத் தெரியும். எரியாமல் தப்பிவிடும் வாயுவுக்கு நிறமும் கிடையாது, வேட்டியில் ஒட்டவும் ஒட்டாது. ஆனால் சூட்டைப் பிடித்து வைப்பதில் அது டீசல் புகையைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

வண்டியைக் கிளப்பச் சொல்லி, ஜெஸ்மியோடு வேலை பார்க்கும் வேதமணி குழாயில் கருவியைச் செருகினான். திரையைப் பார்த்தான். நம்பாமல் இன்னொரு முறையும் பார்த்தான். வாயு தாராளமாகத் தப்பிக்கொண்டிருந்தது.

“இதுக்குப் பழைய டீசலே தேவலாம் போல,” என்றான்.

ஜெஸ்மிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அப்படி இருந்ததற்காக அவள் வெட்கப்படவில்லை.

அவள் அண்ணன் பிரைட்டன் இதே யார்டில் டிரைவராக இருந்தான். டீசல் குறைகிறது, நீதான் திருடி விற்கிறாய் என்று தங்கதுரை அவன் வாயில் ரப்பர் குழாயைத் திணித்து, டாங்கிலிருந்து உறிஞ்ச வைத்தார். “திருடுனதக் குடிலே” என்று தலையைப் பிடித்து அமுக்கினார். டீசல் நுரையீரலுக்குள் போய்விட்டது. பிரைட்டன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பவில்லை.

டாங்கின் அடியில் விரிசல் இருந்தது பிறகுதான் தெரிந்தது. தங்கதுரை வெல்டரைக் கூப்பிட்டு அடைத்தார். சாட்சி சொல்ல ஒரு டிரைவரும் வரவில்லை.

இப்போது அவருடைய சிரிப்பு நின்றிருந்தது. ஆனால் முகத்தில் பயம் இல்லை. ஜெஸ்மியின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“ஏளா, நீ பிரைட்டன் தங்கச்சின்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியோ? ஒன்னையத்தான் போடணும்னு ஒன் ஆபீஸ்ல கேட்டு வாங்குனதே நாந்தான். இவ அண்ணனுக்காவப் பழிவாங்குதான்னு ஒரு வார்த்தை சொன்னேன்னு வையி, ஒன் ரிப்போர்ட்டு குப்பைக்குப் போயிரும்.”

ஜெஸ்மி அவர் முகத்தை நிதானமாகப் பார்த்தாள்.

“ரிப்போர்ட்டுல எங்கையெழுத்தே கெடையாது அண்ணாச்சி. ஒங்க பேரப் பாத்த அன்னைக்கே, எங்கண்ணனக் கொன்ன ஆளு, நான் அளக்கக் கூடாதுன்னு ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன். அளந்ததும் வேதமணி, எழுதப்போறதும் வேதமணி.”

தங்கதுரை திரும்பி, குழாயிலிருந்து கருவியைக் கழற்றிக்கொண்டிருந்த வேதமணியைப் பார்த்தார்.

“நான் இன்னைக்கு லீவு. ஒங்க மூஞ்சியப் பாக்கத்தான் வந்தேன்.”