பாதித் தரை

ரயில்வே காலனி நடனக்கூடத்தின் தேக்குத் தரையில் பாதியைப் பெயர்த்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். பெயர்த்த பக்கம் ஆளுயரப் பள்ளம். சனிக்கிழமைதோறும் இங்கே ஆடிய ஆங்கிலோ இந்திய ஜோடிகள் ஆஸ்திரேலியாவுக்கோ கல்லறைக்கோ போய்விட்டன. கிளைவ் போனது கல்லறைக்கு. அவர் மனைவி டோரீன் மட்டும் மிச்சம். அவள் உள்ளே வந்து, வழக்கம்போலக் கால் வழுக்கிச் செல்வதற்காகத் தரையில் பவுடரைத் தூவினாள். பிறகு இல்லாத தோளில் கைவைத்து ஆடத் தொடங்கினாள். வால்ட்ஸ் ஜோடி நடனத்தில் பெண் பெரும்பாலும் பின்னோக்கித்தான் போவாள். வழி பார்ப்பது ஆணின் வேலை.

காவலாளி சேசுராஜ் அலறிக்கொண்டு ஓடிவந்தார். "மேடம், நில்லுங்க! பின்னால பலகை இல்ல!"

டோரீன் திரும்பிப் பார்க்கவில்லை.

"கிளைவ் பாத்துக்குவார், மேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த காலைப் பின்னால் எடுத்துவைத்தாள்.